யார் கையில் இருக்கிறது நம் நாள்?

பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி கொண்டுவரும் விவசாயிக்குக் கூடை இறங்கும்வரை தன் உழைப்பின் விலை தெரியாது. நாற்று நட்டு, குச்சி ஊன்றி, கயிறு கட்டி, மருந்தடித்து, இரண்டு மாதத்துக்கும் மேலாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த வெள்ளாமை. அதன் கணக்கை விடியற்காலையில் வேறொருவர் முடித்துவிடுகிறார். 2023 ஜூலையில் தமிழ்நாட்டுச் சந்தைகளில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. பறிக்கிற கூலிகூடத் தேறாது என்று காயைச் செடியிலேயே விட்டுவிட்ட பருவங்களும் இதே வட்டாரத்தில் உண்டு. தருமபுரி நகரத்துப் பட்டுக்கூடு ஏல அங்காடிக்கு வருகிறவர்கள் நிலைமையும் ஏறக்குறைய இதுதான். கடைசிப் பருவத்துப் புழுவுக்கு இரவும் பகலும் மல்பெரி இலை போட்டுத் தூக்கம் கெட்டவர், ஏலத்தில் என்ன விலை விழும் என்று காத்து நிற்கிறார்.

மனநலம் என்றதும் நாம் ஆளின் உள்ளே பார்க்கப் பழகியிருக்கிறோம். "மனசைத் திடமா வச்சுக்கோ", "வீணா யோசிக்காத" என்பவையே வீட்டிலும் வேலையிடத்திலும் கிடைக்கிற அறிவுரைகள். சொல்கிறவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் கடந்த ஐம்பது ஆண்டு ஆராய்ச்சிகளில் கணிசமான பகுதி வேறொரு கேள்வியைக் கேட்கச் சொல்கிறது: இந்த மனிதரின் நாள் எவ்வளவு தூரம் அவர் கையில் இருக்கிறது? 2011 கணக்கெடுப்பின்படி 15 லட்சம் பேர் வாழும் மாவட்டம் தருமபுரி. அவர்களில் ஆறில் ஒருவர்தான் நகரவாசி. மானாவாரி நிலம், கூலி வேலை, பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போவது என்று நாட்கள் நகரும் இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு எடை அதிகம்.

1979இல் ராபர்ட் கராசெக் என்ற சமூகவியல் ஆய்வாளர் சுவீடன், அமெரிக்கத் தொழிலாளர்களின் தரவுகளை வைத்து ஒரு கருத்தை முன்வைத்தார். வேலைப் பளுவை மட்டும் பார்த்தால் யார் சோர்ந்து விழுவார் என்று கணிக்க முடியாது. அந்த வேலையை எப்போது, எப்படி, எந்த வேகத்தில் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை செய்கிறவருக்கு எவ்வளவு இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பளு அதிகம், முடிவெடுக்கும் உரிமையும் அதிகம் என்றால் மனிதர்கள் களைத்தாலும் அதிலிருந்து கற்கிறார்கள், வளர்கிறார்கள். பளு அதிகம், உரிமை குறைவு என்கிற இடத்தில்தான் மனச்சோர்வும் தூக்கமின்மையும் குவிகின்றன. 1980களின் இறுதியில் மற்ற ஆய்வாளர்கள் இதோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: பக்கத்தில் துணை நிற்க ஆள் உண்டா?

லண்டனில் 1985இல் தொடங்கி 10,308 அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த இரண்டாம் ஒயிட்ஹால் ஆய்வு இதையே இன்னொரு பக்கத்திலிருந்து காட்டியது. மேலதிகாரிகளுக்குத்தான் மன அழுத்தம் அதிகம், ஆகவே அவர்களுக்குத்தான் நெஞ்சுவலி வரும் என்பது பொதுவான எண்ணம். ஆய்வை நடத்திய மைக்கேல் மார்மட்டின் குழு கண்டது நேர்மாறானது. பதவி ஒவ்வொரு படி இறங்க இறங்க இதய நோய் கூடியது. எல்லோருமே நிரந்தர வேலையில் இருந்தவர்கள், யாரும் பட்டினி கிடந்தவர்கள் அல்லர். அந்த வேறுபாட்டின் கணிசமான பகுதியை, வேலையில் தன் விருப்பத்துக்கு இடமில்லை என்பதோடு இணைக்க முடிந்தது.

இதற்கு உடலுக்குள் ஒரு வழி இருக்கிறது. ஆபத்து என்று மூளை உணர்ந்ததும் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்கும், பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிக்கும் செய்தி அனுப்புகின்றன. கார்டிசால் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது. சர்க்கரை ஏறுகிறது, கவனம் கூர்மையாகிறது. எதிரே யானை நின்றால் இது உயிரைக் காக்கும் ஏற்பாடு. ஆபத்து விலகியதும் கார்டிசாலே மூளைக்குப் போய் "போதும்" என்று சொல்லி அணைத்துவிடும். தவணைக்காரர் அடுத்த வாரமும் வருவார், மழை எப்போது வரும் என்று தெரியாது, மேஸ்திரி சொன்ன கூலியைத் தருவாரா என்பதும் உறுதியில்லை என்கிறபோது ஆபத்து விலகுவதே இல்லை. மாதக்கணக்கில் அணையாமல் ஓடும் இந்த ஏற்பாடு தூக்கத்தைக் கெடுக்கிறது, இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது, நினைவைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியைப் பாதிக்கிறது. நரம்பியலாளர் புரூஸ் மெக்யூவன் 1990களில் இதை உடலில் சேரும் தேய்மானச் சுமை என்று விளக்கினார். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து "ஒடம்பெல்லாம் வலிக்குது, நெஞ்சு படபடங்குது, சோறு இறங்கல" என்று சொல்கிறவர்களில் ஒரு பகுதியினர் இந்தத் தேய்மானத்தைத்தான் சொல்கிறார்கள். சத்து ஊசியோ குளுக்கோஸ் பாட்டிலோ அதைத் தொடாது.

வலி என்று வரும்போது தருமபுரிக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. இங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். இந்தியக் குடிநீர்த் தரம் அதிகபட்சமாக லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரைதான் அனுமதிக்கிறது. அதற்கு மேலான நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களுக்குப் பல் கறைபட்டது, மூட்டுகள் இறுகின, முதுகு வளைந்தது. ஜப்பானியக் கடனுதவியோடு கட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் திறக்கப்பட்ட பிறகு காவிரி நீர் ஊர்களுக்கு வரத் தொடங்கியது. ஆனால் எலும்பில் ஏற்கெனவே படிந்தது எளிதில் போகாது. நாள்பட்ட வலியும் மனச்சோர்வும் ஒன்றையொன்று வளர்ப்பவை. செரோடோனின், நார்அட்ரினலின் என்ற அதே வேதித் தூதுப்பொருள்கள் இரண்டிலும் பங்கெடுக்கின்றன. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளை வலிக்கும் கொடுப்பது அதனால்தான். முழங்கால் வலிக்கென்று வந்த அம்மாவிடம் தூக்கம் எப்படி இருக்கிறது, வீட்டில் எப்படி இருக்கிறது என்று கேட்பது மருத்துவத்தின் ஒரு பகுதி.

கடன் மூளையை என்ன செய்கிறது என்பதைக் காட்டிய, உலகம் முழுவதும் பேசப்பட்ட ஆய்வு ஒன்று தருமபுரிக்குப் பக்கத்திலேயே நடந்தது. திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷபீர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் இரண்டு முறை சந்தித்தார்கள். ஒன்று அறுவடைக்கு முன், கை வறண்ட காலத்தில். மற்றொன்று அறுவடை முடிந்து பணம் வந்த பிறகு. அறுவடைக்கு முன் 78 விழுக்காட்டினர் ஏதாவதொரு பொருளை அடகு வைத்திருந்தார்கள், பின்னால் 4 விழுக்காட்டினர். அதே மனிதர்கள், அதே அறிவு. ஆனால் படங்களின் ஒழுங்கைக் கண்டுபிடிக்கும் சோதனையில் அறுவடைக்கு முன் மதிப்பெண் தெளிவாகக் குறைந்திருந்தது. 2013இல் சயன்ஸ் இதழில் இது வெளிவந்தது. விளைவின் அளவு பற்றி ஆய்வாளர்களிடையே விவாதம் இருக்கிறது. ஆயினும் அடிப்படைக் கருத்தைக் கடன்பட்ட எவரும் அடையாளம் காண்பார்: பணக் கவலை கவனத்தின் ஒரு பங்கை எப்போதும் பிடித்து வைத்திருக்கிறது. மிஞ்சியதை வைத்துத்தான் உரம் எப்போது போடுவது, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஏழைகள் சரியாகத் திட்டமிடுவதில்லை என்று குறைசொல்கிறவர்கள் இந்த ஆய்வை ஒரு முறையாவது படிக்க வேண்டும்.

தூக்கத்தைப் பற்றிச் சென்னையில் நடந்த ஓர் ஆய்வும் அதே அளவு முக்கியமானது, எனக்கு அதைவிடவும் நெருக்கமானது. குறைந்த வருமானமுள்ள 452 பேருக்கு ஒரு மாதத் தட்டச்சு வேலை கொடுத்து, மணிக்கட்டில் கருவி கட்டி அவர்கள் தூக்கத்தை அளந்தார்கள். எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தவர்கள் தூங்கியதென்னவோ ஐந்தரை மணி நேரத்தை ஒட்டித்தான். வெக்கை, கொசு, சத்தம், நெருக்கடியான அறை. இரவில் இன்னும் நன்றாகத் தூங்கக் கண்மறைப்பு, காதடைப்பான், மின்விசிறி என்று உதவியதில் ஒரு இரவுக்குச் சுமார் 27 நிமிடம் கூடியது. அந்தக் கூடுதல் தூக்கம் வேலையிலோ மனநிலையிலோ எதிர்பார்த்த மாற்றத்தைத் தரவில்லை. இன்னொரு பிரிவினருக்கு வேலையிடத்திலேயே அமைதியான ஓரிடத்தில் மதியம் அரை மணி நேரம் படுக்க வழிசெய்திருந்தார்கள். அவர்களிடம் கவனமும் மன நிறைவும் உயர்ந்தன, செய்யும் வேலையின் வேகமும் கூடியது. 2021இல் வெளியான இந்த முடிவை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: கலைந்து கலைந்து வரும் தூக்கத்தின் நீளத்தைக் கூட்டுவதைவிடக் கலையாத கொஞ்ச நேர ஓய்வு பயன் தரக்கூடும்.

பெங்களூரில் கட்டட வேலைக்குப் போகிற தருமபுரிக்காரர் தகரக் கொட்டகையில் படுக்கிறார். ஊரிலிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவுதான், ஆனாலும் மாதக்கணக்கில் வீடு திரும்ப முடிவதில்லை. வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பின் நிழலில் அரை மணி நேரம் தலைசாய்க்க விடுவது ஒப்பந்ததாரருக்குப் பெரிய செலவு அல்ல. கரூரிலும் திருப்பூரிலும் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கும் இது பொருந்தும்.

மதுவையும் இங்கேயே பேசியாக வேண்டும். குடிப்பழக்கத்தை ஒழுக்கக் குறைவாக மட்டும் பார்த்தால் ஒன்றும் நகராது. சென்னையில் 229 சைக்கிள் ரிக்ஷா ஓட்டுநர்களிடம் பொருளியலாளர் ஃபிராங்க் ஷில்பாக் நடத்திய ஆய்வில், பகலில் குடிக்காமல் வந்தால் சிறு தொகை தருவதாக ஏற்பாடு செய்தார்கள். குடி குறைந்தவர்களின் சேமிப்பு கணிசமாக உயர்ந்தது. அதைவிட என்னைத் தொட்டது வேறு விவரம். பணம் இழக்க நேர்ந்தாலும் பரவாயில்லை, குடிக்காமல் இருக்க எனக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும் என்று அவர்களில் மூன்றில் ஒருவர் தாங்களாகவே கேட்டு வாங்கினார்கள். குடிப்பவர் நிறுத்த விரும்பாதவர் என்ற எண்ணத்தை இது அடியோடு மறுக்கிறது. உடல்வலி தீரவும் தூக்கம் வரவும் குடிப்பதாகவே அவர்களில் பலர் சொன்னார்கள். மது தூக்கத்தைச் சீக்கிரம் கொண்டுவரும், ஆனால் பின்னிரவில் கலைத்துவிடும். மறுநாள் அசதி, அசதிக்கு மறுபடி குடி.

வீட்டுக்குள் வருவோம். வீடு என்பது வேலையிலிருந்து திரும்பி ஓய்வெடுக்கும் இடம் என்பது ஆண்களின் கணக்கு. 2024ஆம் ஆண்டு இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலை செய்யும் பெண்கள் ஊதியமில்லாத அந்த வேலைக்கு நாளொன்றுக்கு 289 நிமிடங்களும், செய்யும் ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுகிறார்கள். கணவர் வெளியூரில் இருக்கும் வீட்டில் இந்த வேலைகளோடு மாடு, காடு, பள்ளிக்கூடக் கையெழுத்து, மாமியாரின் சர்க்கரை மாத்திரை, தவணை எல்லாம் ஒருத்தியின் தலையில் வந்து விழுகின்றன. பளு அதிகம். ஆனால் நகையை அடகு வைப்பதா, பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்புவதா என்ற முடிவு பெரும்பாலும் தொலைபேசியில் வேறிடத்திலிருந்து வருகிறது. கராசெக் தொழிற்சாலைக்கென்று எழுதியது அடுப்படிக்கும் அப்படியே பொருந்துகிறது.

வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் 359 கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்குப் பின்னும் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2002இல் வெளியானது. பேறுகாலத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 விழுக்காடு. அதோடு தொடர்புடையவையாக ஆய்வாளர்கள் கண்டவை: குறைந்த வருமானம், ஆண் பிள்ளை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கை உதவிக்கு ஆளில்லாமை. ஹார்மோன் மாற்றம் எல்லாத் தாய்க்கும் நடக்கிறது. நோயாக அது மாறுவது யாரிடம் என்பதைப் பெரும்பாலும் வீடு தீர்மானிக்கிறது. பெண் சிசுக்கொலையால் ஒரு காலத்தில் தருமபுரியின் பெயர் அடிபட்டது. அந்த அழுத்தத்தைத் தாங்கிய தாய்மார்களின் மனம் பற்றி அன்று யாரும் கேட்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

2023 ஜூலை 24 அன்று தருமபுரி மாவட்டம் தொப்பூரில்தான் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாம் தொடங்கிவைக்கப்பட்டது. செப்டம்பரிலிருந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கில் மாதம் 1000 ரூபாய் வரத் தொடங்கியது. இதை நலத்திட்டம் என்று மட்டும் பேசுகிறோம். ஆனால் ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளில் நடந்த 45 ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளியான மதிப்பாய்வு, நேரடிப் பணம் கைக்கு வருவது மன நலத்தையும் வாழ்க்கை நிறைவையும் உயர்த்துகிறது, பல ஆண்டுகளுக்குப் பின்னும் அதன் தடம் மிஞ்சுகிறது என்று காட்டியது. அளவு சிறியதுதான். பெண்ணின் பெயரில், குறித்த தேதியில், யாரிடமும் கேட்காமல் வருகிற பணம் என்பதில்தான் அதன் மனநலப் பொருள் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அலுவலகங்களிலும் ஆலைகளிலும் இப்போது மனநலம் என்றால் மூச்சுப் பயிற்சி, தியான வகுப்பு, கைப்பேசிச் செயலி. மூச்சை மெதுவாக விடும்போது இதயத் துடிப்பு தணிவது உண்மை, தனி ஒருவருக்கு அது உதவவும் செய்யலாம். ஆனால் பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியர்களின் தரவை ஆராய்ந்து 2024இல் வெளியான கட்டுரை, இத்தகைய வகுப்புகளில் கலந்துகொண்டவர்கள் கலந்துகொள்ளாதவர்களைவிட நலமாக இல்லை என்று கண்டது. விதிவிலக்கு ஒன்றுதான்: பிறருக்குத் தொண்டு செய்ய வாய்ப்பளித்த நிறுவனங்கள். உலக சுகாதார நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டியும் வேலையின் அமைப்பை மாற்றுவதையும் மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்சி தருவதையும் வலியுறுத்துகிறது. அமைப்பை மாற்றுவதென்றால் எப்படி இருக்கும்? 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. ஜவுளிக்கடை, நகைக்கடை முதலான கடைகளின் ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுத்தாக வேண்டும் என்கிறது அது. பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டியவருக்கு ஒரு ஸ்டூல் என்பது காலுக்கு மட்டுமான ஓய்வில்லை. எப்போது உட்காரலாம் என்பதைத் தானே முடிவு செய்யலாம் என்பதே ஒரு சிறு உரிமை. உங்கள் ஊர்க் கடையில் அந்த இருக்கை இருக்கிறதா என்று அடுத்த முறை பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள்.

இத்தனையும் சூழலைப் பற்றி. நோயாக முற்றிவிட்ட மனச்சோர்வுக்குச் சிகிச்சை தேவை, அது பலன் தரும் என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனச்சோர்வு நோயுள்ளவர்களில் சுமார் 85 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. ஆகவே மருத்துவர் அல்லாதவர்கள் எவ்வளவு தூரம் உதவ முடியும் என்பது கோட்பாட்டுக் கேள்வியாக நிற்பதற்கில்லை.

கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் பட்டேலும் சங்காத் அமைப்பும் அதற்கு விடை தேடினார்கள். மனநலப் பட்டம் எதுவுமில்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வோடு வந்தவர்களிடம் ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேச வைத்தார்கள். பேச்சின் உள்ளடக்கம் எளிமையானது. சோர்ந்தவர் ஒவ்வொரு வேலையாக விடுகிறார்: கோயிலுக்குப் போவது, பக்கத்து வீட்டில் உட்கார்ந்து பேசுவது, பூ கட்டுவது. விட விட, மகிழ்ச்சி தரக்கூடிய எதுவும் நாளில் மிஞ்சுவதில்லை. சோர்வு இன்னும் இறங்குகிறது. மனசு சரியானதும் செய்யலாம் என்று காத்திருக்காமல், முதலில் மிகச் சிறிய ஒன்றைக் குறித்த நேரத்தில் செய்யவைத்து, அதன்பின் மனசு எப்படி இருந்தது என்று குறித்துக்கொள்ளச் சொல்வதுதான் முறை. 495 பேர் பங்கெடுத்த இந்தச் சோதனையின் முடிவு 2017இல் லான்செட்டில் வந்தது. மூன்று மாதத்தில் நோய் விலகியவர்கள் வழக்கமான சிகிச்சையில் 39 விழுக்காடு, இந்தப் பேச்சும் சேர்ந்தபோது 64 விழுக்காடு.

தருமபுரியில் இதற்கு ஆள் இருக்கிறார்களா என்றால், வீடு வீடாகப் போகிறவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் என்ற மாநில அரசின் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில். 2004வரை கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டத்தின் பகுதி. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டுவரும் அந்தப் பெண்கள் வாசலில் இரண்டு கேள்விகள் கூடுதலாகக் கேட்கலாம்: கடந்த இரண்டு வாரமாக எதிலும் ஈடுபாடு இல்லாமல் இருந்ததா? மனசு தளர்ந்து, இனி என்ன இருக்கிறது என்று தோன்றியதா? உலகெங்கும் பயன்படும் முதற்கட்டச் சோதனை இவ்வளவுதான். பெரும்பாலான நாட்களில் ஆமாம் என்கிறவரை மருத்துவரிடம் சேர்ப்பது அடுத்த படி. மாவட்ட மனநலத் திட்டத்தின் சேவை அதற்கென்றே இருக்கிறது, 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறவர்களைப் பற்றி ஒரு செய்தியை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். அந்த வேகம் பெரும்பாலும் குறுகிய நேரத்தில் தணியக்கூடியது. அந்த நேரத்தைக் கடக்க ஒருவர் கூட இருப்பதும், ஆபத்தான பொருள்கள் கைக்கெட்டாமல் இருப்பதும் உயிர் காக்கின்றன. கொடிய பூச்சிக்கொல்லிகளை இலங்கை படிப்படியாகத் தடைசெய்தபின் அங்கே தற்கொலை விகிதம் 1995க்கும் 2015க்கும் இடையே ஏறக்குறைய 70 விழுக்காடு இறங்கியது. லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகா, காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுவான பெட்டகத்தில் பூட்டி வைக்கும் முறையைச் சோதித்துப் பார்த்தது. தக்காளியும் பருத்தியும் மஞ்சளும் விளையும் ஊர்களில் செய்யக்கூடிய காரியம் இது.

இதே மாவட்டத்தில், சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையே இருக்கும் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் 1993இல் ஒரு குடிசையில் மருத்துவம் பார்க்கத் தொடங்கினார்கள். பழங்குடி நலவாழ்வு முயற்சி என்ற அந்த அமைப்பு உள்ளூர் மலைவாசிப் பெண்களையே செவிலியர்களாகவும் ஊர் நலப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்தது. குழந்தைச் சாவு குறைந்த பிறகு மருத்துவர்கள் அங்கேயே நிற்கவில்லை. ரசாயன விவசாயக் கடனில் ஊர் சிக்கியிருப்பதைக் கண்டு, இயற்கை முறையில் சிறுதானியம் விளைவிக்கும் விவசாயிகள் சங்கம் உருவாகத் துணை நின்றார்கள். லம்பாடிப் பெண்களிடம் மறைந்துகொண்டிருந்த பூத்தையல் போர்கை என்ற கூட்டு நிறுவனமாக எழுந்தது. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய்த்தான் பிழைக்க வேண்டும் என்றிருந்த பெண்களில் பலர் தாண்டா என்ற தங்கள் குடியிருப்பிலேயே உட்கார்ந்து, கூட இருப்பவர்களோடு பேசியபடி தைக்கிறார்கள். இதை யாரும் மனநலத் திட்டம் என்று பெயரிடவில்லை. ஆனால் வேலையின் வேகம் தன் கையில், விலையைச் சொல்வதில் தனக்கும் பங்கு, பக்கத்தில் துணை என்ற மூன்றும் ஒரே இடத்தில் கூடியிருப்பதை நான் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் காணவில்லை.

பக்கத்தில் துணை என்பதில் தருமபுரிக்கு ஒரு முன்னோடிப் பெருமை இருக்கிறது. தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழுக்கள் பிறந்ததே இங்கேதான். வேளாண் வளர்ச்சிக்கான பன்னாட்டு நிதியத்தின் உதவியோடு 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம்தான் பின்னால் மாநிலம் முழுவதும் பரவி மகளிர் திட்டம் ஆனது. சேமிப்பும் கடனும் அதன் வேலை. ஆனால் வாரம் ஒருமுறை பதினைந்து இருபது பெண்கள் ஒரு திண்ணையில் உட்கார்ந்து, வீட்டார் இல்லாமல் பேசிக்கொண்டது கணக்கில் எழுதப்படாத பயன். பிற்பாடு நுண்கடன் நிறுவனங்கள் நுழைந்து, அதே குழு என்ற பெயரில் வாரத் தவணையும், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வாசலில் போய் நிற்கும் நிர்ப்பந்தமும் வந்தன. துணையாக இருந்தது கண்காணிப்பாக மாறியது. கடன் வசூலில் மிரட்டலைக் குற்றமாக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு 2025இல் இயற்றியது நல்லது. குழுவை அதன் பழைய பொருளுக்கு மீட்டுக் கொண்டுவருவது அதற்கு அடுத்த வேலை.

அதற்கு வலுவான அறிவியல் ஆதாரம் ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. தென்மேற்கு உகாண்டாவின் 30 கிராமங்களில் மனச்சோர்வுள்ளவர்களைச் சிறு குழுக்களாக, ஆண்கள் தனியாகவும் பெண்கள் தனியாகவும் உட்கார வைத்து, வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம், பதினாறு வாரம் பேசவைத்தார்கள். நடத்தியவர்கள் இரண்டு வாரப் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். முடிவில், மனச்சோர்வு நோய்க்கான வரையறைக்குள் வந்தவர்கள் பேச்சுக் குழுக்களில் 86 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காட்டுக்கு இறங்கினார்கள். குழு இல்லாத ஊர்களில் 94இலிருந்து 54.7. 2003இல் வெளியான இந்த முறையை எட்டு அமர்வுகளாகச் சுருக்கி உலக சுகாதார நிறுவனம் 2016இல் கையேடாகவே வெளியிட்டது. அந்த அமர்வுகளில் மனசைப் பொதுவாகத் தோண்டுவதில்லை. நான்கு விஷயங்களில் எது இவரை வீழ்த்தியது என்று பார்க்கிறார்கள்: இழப்பு, வீட்டாரோடு தீராத சச்சரவு, வாழ்க்கையில் வந்த பெரிய மாற்றம், தனிமை. கணவர் பெங்களூருக்குப் போனது மூன்றாவது. கல்யாணமாகி வேற்றூர் வந்த பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்தே வரும். எதுவென்று கண்ட பிறகு, இந்த வாரம் யாரிடம் எதைக் கேட்கலாம் என்று குழுவே யோசனை சொல்கிறது. அடுத்த வாரம் என்ன நடந்தது என்று விசாரிக்கிறது.

தருமபுரியில் திண்ணையும் இருக்கிறது, கிழமையும் குறித்தாயிற்று, பெண்களும் ஏற்கெனவே வருகிறார்கள். வட்டாரத்துக்கு நான்கைந்து பேருக்கு இரண்டு வாரப் பயிற்சி, சேமிப்புக் கணக்கு முடிந்தபின் சோர்ந்திருப்பவர்கள் மட்டும் தனியாக உட்கார ஒரு மணி நேரம், அதற்கு மேல் உதவி தேவைப்படுகிறவரை அனுப்ப அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவின் கதவு திறந்திருப்பது, இவ்வளவும் இந்த மாவட்டத்தால் முடியாத காரியங்கள் அல்ல. ஆண்களுக்கு இங்கே இப்படிக் கூடும் குழு அரிது. பால் கூட்டுறவுச் சங்கத்தில் காலையில் கூடுகிறவர்களிடமிருந்தும், பட்டுக்கூடு அங்காடியில் ஏலத்துக்குக் காத்திருப்பவர்களிடமிருந்தும் அதைத் தொடங்கலாம்.